மான், குப்பை, லீடர்போர்ட்: ஒரு போட்டிக்கால நாட்குறிப்பு

மே 27

முதல் சுற்றைத் தாண்டிவிட்டோம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தரவுப் போட்டி. பெயரைச் சொல்லப் போவதில்லை, கொஞ்சம் குறை சொல்ல இருக்கிறது. அணியில் நான்கு பேர். தங்கள் பெயரையும் போடக் கூடாது என்று மற்ற மூவரும் சொல்லிவிட்டதால் ஊர்ப் பெயரால் எழுதுகிறேன்: மூதூர், கந்தளாய், மட்டக்களப்பு. நான் உள்ளூர், திருகோணமலை டவுன். மட்டக்களப்பு வணிகக் கற்கை, மற்றவர்கள் கணினி விஞ்ஞானம்.

முதல் சுற்று வழமையானதுதான். பொருள் விநியோக ஓர்டர்கள் அடங்கிய பெரிய கோப்பு ஒன்றைத் தந்தார்கள். எந்த ஓர்டர் பிந்தும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். விடையை ஏற்றியதும் லீடர்போர்டில், அதாவது அணிகளின் தரவரிசைப் பட்டியலில், இடம் ஏறும், இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சோறு இறங்காது.

மூதூர்தான் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தான். கணித்துச் சொல்லும் மொடல் ஒன்றும் தேவையில்லை, ஓர்டர் இலக்கத்தை மட்டும் வைத்தே பிந்துமா பிந்தாதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிந்திய ஓர்டர்களுக்கு யாரோ பிறகு வேறொரு வரிசையில் புது இலக்கம் போட்டிருக்கிறார்கள். இதைத் தரவுக் கசிவு என்பார்கள். பெரிய இடங்களிலும் நடந்ததுதான். 2008இல் கேடிடி கப் என்ற சர்வதேசத் தரவுப் போட்டியில் மார்பகப் புற்றுநோய் எக்ஸ்ரே தரவு கொடுத்தார்கள். நோயாளியின் அடையாள இலக்கத்தைப் பார்த்தே யாருக்குப் புற்றுநோய் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. வென்ற அணியே அதைப் பின்னர் எழுதி வெளியிட்டது. அந்த மொடலை ஒரு புது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாங்கள் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினோம். பதில் வரவில்லை. சில நாளில் ஓர்டர் இலக்கம் இருந்த நிரல் (column) மட்டும் சத்தமில்லாமல் கோப்பிலிருந்து காணாமல் போனது. மேலே இருந்த பலர் சறுக்கினார்கள், நடுவில் கிடந்த நாங்கள் மேலே வந்தோம். ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம்.

மே 30

இரண்டாம் சுற்று எனக்குப் பிடித்திருக்கிறது. சொந்த ஊரின் ஒரு பிரச்சினையை எடுக்க வேண்டும், தரவை நாங்களே சேர்க்க வேண்டும், முடிவில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் டேட்டாஃபெஸ்ட் என்ற மாணவர் தரவுப் போட்டி இப்போது பல பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. அது 2011இல் கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் 30 மாணவர்களோடு தொடங்கியது. லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸ் தனது கைதுப் பதிவுகளைக் கொடுத்தது, பிள்ளைகள் 48 மணித்தியாலம் அதோடு மல்லுக்கட்டினார்கள். அங்கே தரவு வாசலுக்கு வந்தது. இங்கே நாங்கள்தான் தேடிப் போக வேணும்.

கன்டீனில் நீண்ட வாக்குவாதம். மட்டக்களப்பு மீன் விலை என்றாள். கரைவலை வாடியில் விலை காதோடு காதாகப் பேசி முடிகிற விஷயம், வலைக்குச் சொந்தக்காரரான எந்தச் சம்மாட்டி எங்களுக்குக் கணக்குக் கொப்பியைக் காட்டப் போகிறார்? மூதூர் வெள்ளம் என்றான். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலைச் சேரும் பக்கத்தில் வளர்ந்தவன், அவனுக்கு அது வீட்டுப் பிரச்சினை. ஆனால் நீர்மட்டத் தரவுக்குக் கடிதம் எழுதி அனுமதி வருவதற்குள் போட்டி முடிந்துவிடும். யானைப் பிரச்சினையை எடுக்கலாம் என்ற யோசனையும் அதே காரணத்தால் போயிற்று.

கடைசியில் கந்தளாய்தான் கேட்டாள்: "உங்கட டவுன் மான் எல்லாம் ஷொப்பிங் பாக் தின்னுதே, அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யல்லையா?"

எங்கள் டவுனில் புள்ளிமான்கள் மாடு போலத் திரியும். கோட்டை வாசல், டச்பே கடற்கரை, பஸ் நிலையத்துப் பக்கம் எங்கும் பார்க்கலாம். வெளியூர்க்காரர் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள், நாங்கள் ஹோர்ன் அடிப்போம். மான் அசைபோடும் விலங்கு. உணவு வாசம் ஒட்டிய பொலித்தீனைத் தின்றால் அது முதல் இரைப்பையிலேயே தங்கிவிடும், செரிக்காது. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், மான் மெலிந்துகொண்டே போகும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தபோது உலகமே பேசியது. இந்த மான்களுக்கு அந்த அளவு பேச்சு இல்லை.

"சாப்பாடு சுத்துற பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டம்பரிலேயே தடை வந்திட்டுதே" என்றான் மூதூர். மானுக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது என்றேன். சரி, மான்தான் என்று முடிவாயிற்று.

ஜூன் 3

விடியப்புறம் நாலரைக்கே டவுனில். அப்பா ஓட்டோவில் இறக்கிவிட்டு, "மானெண்ணவா கம்பஸ் போனனீ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பார்க்கப் பார்க்க ஒரு ஒழுங்கு தெரிகிறது. இரவு கடை பூட்டும்போது குப்பைப் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். முதலில் நாய் வந்து பையைக் கிழிக்கிறது. அதற்குப் பிறகுதான் மான். மான் பையைக் கிழிப்பதை இன்று நான் பார்க்கவே இல்லை, திறந்து கிடப்பதைத்தான் அது மேய்கிறது. வெளிச்சம் வந்ததும் காகம் மிச்சத்தை இழுத்துத் தெருவெல்லாம் பரப்பும். குப்பை லொறி அதற்கும் பிறகுதான் வரும்.

கந்தளாய் கூகுள் ஷீட்டில் நேரம், இடம், எண்ணிக்கை, என்ன தின்றது என்று நிரல் போட்டுத் தந்திருந்தாள். "என்ன தின்றது" நிரலை நிரப்ப ஆறடி தூரத்தில் குந்தியிருக்க வேண்டும். சாப்பாட்டுப் பாசல், வாழைப்பழத் தோல், பாண் சுற்றி வந்த பை. பிடித்தது பொலித்தீன் அல்ல, அதில் ஒட்டியிருக்கும் குழம்பும் உப்பும்தான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 7

ஹஜ்ஜுப் பெருநாள். மூதூர் வீட்டுக்குப் போய்விட்டான், நாளை வட்டிலப்பம் வரும் என்ற நம்பிக்கையில் இருக்கிறோம்.

இன்று எண்ணிக்கைப் பிரச்சினை. கடற்கரையில் எண்ணிய மான் பத்து நிமிடத்தில் பஸ் நிலையத்துக்கு வந்து நிற்கிறது. அதை இரண்டாக எழுதுவதா? கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் கோணேசர் கோயில் பாதையை விட்டு விலகிக் கொப்பியும் கையுமாகச் சுற்றவும் முடியாது.

மீன் ஆய்வாளர்களின் பழைய உத்தி ஒன்று உதவியது. 1896இல் டென்மார்க்கின் பீட்டர்சன் மீனுக்கு அடையாளம் போட்டுக் கடலில் விட்டு, மறுபடி பிடித்துக் கணக்குப் பார்த்தார். 1930இல் அமெரிக்காவில் லிங்கன் என்பவர் வாத்துகளுக்கு அதையே செய்தார். பேச்சுக்கு, முதல் நாள் 20 மான், இன்னொரு நாள் 25 மான், இரண்டு நாளும் கண்டவை 10 என்றால் மொத்தம் 20 × 25 ÷ 10, அதாவது 50. நாங்கள் அடையாளம் போடத் தேவையில்லை, புள்ளிமானின் புள்ளி வரிசை ஒன்றைப் போல ஒன்று இராது. இடது பக்கம், வலது பக்கம் என்று படம் எடுத்து ஒப்பிட்டால் போதும். மட்டக்களப்பு இரவெல்லாம் படங்களைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மென்பொருள் ஒன்று எழுதட்டுமா என்று கேட்டேன். "நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் பாத்து முடிச்சிருவன்" என்றாள். முடித்தும்விட்டாள்.

ஜூன் 10

போசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாள். தெருவெல்லாம் தன்சல்கள், இலவசச் சாப்பாட்டுப் பந்தல்கள். தரவில் இன்று மட்டும் மலை மாதிரி எழும்பி நிற்கும். இதை விலக்கிவிடலாமா என்று மூதூர் கேட்டான். கந்தளாய் விடவில்லை: திருவிழா நாளில்தான் மான் அதிகம் பொலித்தீன் தின்னும், அந்த நாளையே அழித்துவிட்டு எதைக் கணக்குப் பார்ப்பது? அவள் சொல்வதுதான் சரி.

ஜூன் 13

லொறியில் வேலை செய்யும் அண்ணாமார் இருவரோடு பிளேன்ரீ குடித்தோம். லொறியை முன்னேரம் அனுப்பினால் என்ன என்பதுதான் எங்கள் கேள்வி. மூத்தவர் சிரித்தார். அந்த நேரத்தில் முன்னால் போனால் அரைவாசிக் கடை பூட்டியிருக்கும், திறந்த பிறகு கூட்டிக் கொட்டுகிற குப்பைக்கு மறுபடி வர வேண்டும், டீசலுக்கு யார் பொறுப்பு? கடைக்காரர்களோ காலையில் வந்து பையை வைக்கச் சம்மதமில்லை. இரவு முழுக்கக் கடைக்குள் வைத்தால் எலி.

ஆக, நேரத்தை மாற்ற முடியாது. பை வாசலில்தான் இருக்கும். நாய்க்கும் மானுக்கும் எட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த அரை மணி நேரத்தில் எங்கள் ஷீட்டை விட அதிகம் விளங்கியது.

ஜூன் 18

உயரமாக வைத்தால் போதும் என்பது மூதூரின் யோசனை. மானின் தோள் உயரம் மூன்று அடிக்குள்தான். ஆனால் கிடா மான் பின்னங்காலில் எழும்பி நின்று கிளையைத் தின்னும். அந்த உயரத்துக்கு மேலே தொட்டியை வைத்தால் கடைக்கார ஐயாவுக்கும் எட்டாது.

வட அமெரிக்கப் பூங்காக்களில் கரடிக்கென்று செய்த தொட்டிகளைப் பார்த்தோம். தாழ்ப்பாள் ஒரு மூடிய குழிக்குள் இருக்கும். மனிதக் கை உள்ளே போகும், கரடியின் பெரிய பாதம் போகாது. விலை பார்த்துச் சிரித்தோம். ஆனால் எண்ணம் நல்லது: மனிதனுக்கு இருப்பது மானுக்கு இல்லாதது விரல். நீலப் பிளாஸ்டிக் பரல், மேலே தகர மூடி, பிணைச்சல், தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும் கொக்கி. விரலால் கொக்கியை ஒதுக்கியபடி தூக்கினால்தான் திறக்கும். வெல்டிங் கடை ஐயா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது கோழிக்கூட்டுக் கதவுதானே" என்றார்.

ஜூன் 22

ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் பரலை வைத்துச் சோதனை. நாய் மணந்துவிட்டுப் போனது. பெண் மான் மூக்கால் தள்ளிப் பார்த்தது. கிடா ஒன்று கொம்பை மூடியின் விளிம்புக்குள் கொடுத்து நெம்பியது. தகரம் வளைந்தது, கொக்கி விடவில்லை. கச்சான் காற்றில் மூடி படபடவென்று அடித்துக்கொண்டதுதான் தொல்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி விளிம்பில் ஒட்டியதும் சத்தம் அடங்கியது. கொம்பு நுழையும் இடைவெளியும் போனது.

ஜூன் 27

இரவு ரயிலில் கொழும்புக்கு. ஒருவருக்கும் நித்திரை இல்லை. இரண்டு அணிக்கு ஒரே புள்ளி வந்தால் யாருக்குப் பரிசு என்று மட்டக்களப்பு கேட்டாள். நெட்ஃபிளிக்ஸ் கதை சொன்னேன். படப் பரிந்துரையை 10 வீதம் திருத்துவோருக்குப் பத்து லட்சம் டொலர் என்று 2006இல் அறிவித்தார்கள். 2009இல் இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் வந்து நின்றன. 20 நிமிடம் முந்தி அனுப்பிய அணிக்குப் பரிசு. ஆனால் வென்ற அந்த முழு மொடலையும் கம்பனி பாவிக்கவில்லை. கிடைக்கும் கூடுதல் திருத்தம் அதைப் பொருத்தும் உழைப்புக்குக் கட்டாது என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்ப காசு?" என்றாள். காசு கொடுத்தார்கள் என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

ஜூன் 28

பத்து நிமிடம் கதைத்தோம், பத்து நிமிடம் கேள்வி. முதல் கேள்வி: "மெஷின் லேர்னிங் எங்கே?" தேவைப்படவில்லை சேர் என்று மட்டக்களப்பு நேராகச் சொன்னாள். அவர் எதையோ குறித்துக்கொண்டார். இன்னொரு நடுவர் மிஸ் மூடியின் விலையைக் கேட்டார், யார் கட்டுவது என்று கேட்டார், துரு பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கடலோர ஊரில் கேட்க வேண்டிய கேள்வி. கல்வனைஸ் தகரம் என்றோம், கடைக்குக் கடை செலவைப் பிரித்துக் காட்டினோம்.

பரிசு இல்லை. வென்றது பஸ் நெரிசலை முன்கூட்டிச் சொல்லும் ஒரு வேலை. அவர்கள் வாரக்கணக்கில் பஸ்ஸில் நின்று ஆட்களை எண்ணியிருக்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. இரண்டாம் இடம் வந்ததைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம். வடிவான ஸ்லைட், ஆனால் பிரச்சினை உள்ள ஊருக்கு ஒருவரும் போயிருக்கவில்லை. போயிருந்தீர்களா என்று நடுவர்களும் கேட்கவில்லை.

ஜூலை 2

சாப்பாட்டுக் கடை ஐயா போன் எடுத்தார். பக்கத்துக் கடைக்காரரும் ஒன்று கேட்கிறாராம், பரலை அவரே வாங்கித் தருவாராம்.

போய்ப் பார்த்தால் பரலின் மூடி விரியத் திறந்து கிடக்கிறது. லொறி அண்ணா வந்தபோது காரணம் தெரிந்தது. அவருக்கு ஒரு கையில் ஏற்கெனவே பை இருக்கும். மற்றக் கையால் கொக்கியை ஒதுக்கி மூடியைத் தூக்கினால், பையை எடுக்க மூன்றாவது கை வேணும். அதனால் அவர் மூடியை மறுபக்கம் மடக்கிவிட்டுப் போகிறார். மானையும் நாயையும் வைத்துச் சோதித்த இடத்தில் அவரை வைத்துச் சோதிக்க எந்த நடுவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

கடையின் வாசல் நிலையிலிருந்து ஒரு சங்கிலி கட்டச் சொல்கிறார் லொறி அண்ணா. நேராக நிமிர்த்தினால் மூடி அதில் மாட்டி நிற்கும், போகும்போது தோளால் தட்டினால் கழன்று தானாக விழும். கால்மிதி வைப்பது நல்லது என்கிறாள் கந்தளாய். மண் அடைத்தால் கால்மிதி இறுகிவிடும் என்கிறார் வெல்டிங் ஐயா. நாளைக்குச் சங்கிலி விலை கேட்க வேண்டும். லொறி அண்ணா எந்த நேரம் அந்தப் பக்கம் வருவார் என்று ஷீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு முன் கட்டி முடித்தால் அவர் கையாலேயே பார்த்துவிடலாம்.