பை இருந்ததா, இல்லையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளில், என் தங்கை மகளுக்குக் குடல் வெளியே சரிந்த நிலையில் குழந்தை பிறந்த செய்தி பரவியதும், கிரகணத்தன்று கத்தியெடுத்துக் காய் நறுக்கியிருப்பாள் என்று பாட்டிமார் இருவர் முடிவு கட்டிவிட்டார்கள். அவளுக்கு வயது 19. அந்தப் பேச்சு அவள் காதுக்கும் போய்விட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

கருவின் குடல் சில வாரங்கள் தொப்புள்கொடிக்குள் புடைத்திருந்து, 12-ஆம் வாரத்திற்குள் வயிற்றுக்குத் திரும்புவது எல்லாக் குழந்தைகளுக்கும் நடப்பதுதான். அவ்வாறு திரும்பாமல், சவ்வுப் பை ஒன்று மூடியபடி குடலும் சில வேளை கல்லீரலும் தொப்புள் வழியே வெளியே தங்கிவிடுவது ஓம்ஃபலோசீல். எங்கள் குழந்தைக்கு இருந்தது கேஸ்ட்ரோஸ்கைசிஸ். தொப்புள்கொடிக்குச் சற்று வலப்புறம் வயிற்றுச் சுவரில் ஏற்பட்ட திறப்பின் வழியே வெளிவந்த குடல், மூட ஒரு சவ்வும் இன்றிப் பனிக்குட நீரில் ஊறித் தடித்துப்போயிருந்தது. பார்த்தவர்களுக்கு நெஞ்சு பதறியது. ஆனால் இந்தக் குறை பெரும்பாலும் தனியாகவே வருகிறது. பார்வைக்கு அடக்கமாகத் தெரியும் ஓம்ஃபலோசீலுடன்தான் இதயக் குறைகளும் குரோமோசோம் கோளாறுகளும் அடிக்கடி சேர்ந்து வருகின்றன. பை இருந்ததா என்ற கேள்வி மருத்துவர்களுக்கு அவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

கேஸ்ட்ரோஸ்கைசிஸுக்கு ஒற்றைக் காரணம் எதுவும் கண்டறியப்படவில்லை. 20 வயதுக்குட்பட்ட தாய்மாரிடையே கூடுதலாகக் காணப்படுகிறது, அவ்வளவே. கிரகணத்துக்கும் கத்திக்கும் இதில் வேலையே இல்லை.

ஸ்கேனில் முன்பே தெரிந்துவிட்டதால் பிரசவத்தை ஈப்போ மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார்கள். வெளியே கிடக்கும் குடல் வழியாகச் சூடும் நீரும் விரைந்து வெளியேறிவிடும் என்பதால், பிறந்தவுடன் அதைத் தெளிவான பிளாஸ்டிக்கால் மூடி, நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள். சிறிய வயிற்றுக்குள் ஒரேயடியாகத் திணித்தால் மூச்சு முட்டும், குடலுக்கு இரத்த ஓட்டமும் தடைப்படும். ஆகவே குடலைச் சைலோ எனப்படும் பைக்குள் இட்டு, மேலே தூக்கிக் கட்டி, நாள்தோறும் சிறிது சிறிதாக உள்ளே இறக்கி, 6-ஆம் நாள் திறப்பை மூடினார்கள்.

அறுவை முடிந்தால் வீடு திரும்பலாம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். குடல் விழித்துக்கொள்ளும்வரை பால் கூடாது. ஊட்டம் முழுவதும் இரத்தக்குழாய் வழியேதான். குடல் இயங்கத் தொடங்கியதற்கு அடையாளமாக, மூக்குக் குழாயில் வரும் நீரின் பச்சை மங்கிவிட்டதா என்று மிஸ்ஸியிடம் (தாதியிடம்) தினமும் கேட்பதே எங்கள் வேலையாயிற்று. 23-ஆம் நாள்தான், தாய் கறந்து சேமித்திருந்த பாலில் 2 மில்லி கொடுத்தார்கள். மறுநாள் தங்கை தொலைபேசியில் அழைத்து, நலம்கூட விசாரிக்காமல், பேரன் மலம் கழித்துவிட்டான் என்றாள்.