வெளிநாட்டு நிதிக்கு முன் அனுமதி: கூடலூரில் ஒரு சிறு அறக்கட்டளையின் அலைச்சல்

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பகுதியில் படிப்பைப் பாதியில் விட்ட பழங்குடி இளைஞர்களுக்குத் தையலும், உண்ணிச்செடிக் குச்சிகளில் நாற்காலி, மேசை செய்யும் வேலையும் கற்றுத்தரும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. வளரும் நாடுகளில் கைத்தொழில் கல்விக்கு உதவும் வெளிநாட்டுத் தொண்டமைப்பு ஒன்று, எங்களுக்குத் தையல் இயந்திரங்களும் பயிற்றுநர் சம்பளமும் தர முன்வந்தது. வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை) சட்டப்படி பதிவு பெற்ற பெரிய நிறுவனம் அத்தகைய நிதியை வாங்கி, உரிய ஒப்புதலோடு ஒரு பங்கை எங்களைப் போன்றோருக்குக் கைமாற்றித் தர முன்பு வழியிருந்தது. அந்தச் சட்டத்துக்கு 2020ஆம் ஆண்டு வந்த திருத்தம் அதை அடியோடு அடைத்துவிட்டது. முழுப் பதிவு கேட்கலாமென்றால், மூன்று நிதியாண்டுகளில் 15 லட்ச ரூபாய் செலவிட்ட கணக்கு வேண்டும். அது எங்களுக்கு எட்டாத தொகை என்பதால், குறிப்பிட்ட நன்கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட தொகையைப் பெற மட்டும் கேட்கும் முன் அனுமதிக்கான எஃப்.சி-3பி படிவமே மிஞ்சியது.

தொண்டு நிறுவனங்களுக்கு அரசின் இணையதளம் தரும் அடையாள எண்ணான தர்ப்பண் எண் சிக்கலின்றிக் கிடைத்தது. பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான் வெளிநாட்டு நிதிக்கான வங்கிக் கணக்கு இருக்க வேண்டும் என்றாலும், உள்ளூர்க் கிளை வழியாகவே அதைத் திறந்துவிடலாம். தில்லிக்குப் போக வேண்டியதில்லை.

எங்களை வாட்டியது, ஆவணத்துக்கு ஆவணம் மாறி நின்ற ஒரு பெயர்தான். எங்கள் அறங்காவலர்களில் ஒருவர், தேவாலாப் பக்கத்தைச் சேர்ந்த பணியர் பழங்குடிச் சமூகத்து அக்கா. ஆதாரில் அவருக்கு ஒற்றைப் பெயர். அறக்கட்டளைப் பத்திரத்தில் முன்னெழுத்தோடு. பான் அட்டையிலோ அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆடி மழையில் நடுவட்டம் சாலையில் மரம் விழுந்து பேருந்து நின்று, பாதி நனைந்தபடி ஒரு திருத்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்த எழுத்தர் காகிதங்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், “இது வேற ஆளும்மா, பள்ளிக்கூடச் சர்டிபிகேட் கொண்டு வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பள்ளி வாசலையே மிதிக்க வாய்ப்பில்லாமல் போன ஒருவரிடம், அதுவும் அவர் முகத்துக்கு நேரே, அப்படிக் கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழி காட்டியவர் ஓர் இ-சேவை மையத்துப் பெண். “ஆதாரைத் தொடாதீங்க சார், பான்ல மாத்துங்க” என்றார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால் அது பொன்னான யோசனை. பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயருக்கான கட்டத்தில் அந்த ஒற்றைப் பெயரை மட்டும் எழுத வேண்டும். தந்தை பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. பத்திரத்திலுள்ள பெயரும் இவருடையதே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, தந்தை பெயருள்ள சாதிச் சான்றையும் இணைத்தோம். திருந்திய பான் அட்டை தபாலில் வந்த அன்று, அக்கா அதைக் கண்ணாடிக் காகித உறைக்குள் போட்டு என்னிடமே ஒப்படைத்தார். விண்ணப்பத்தைத் தொடங்கும் முன்பே எல்லா அறங்காவலர்களின் பெயர்களையும் இப்படி ஒப்பிட்டுப் பாருங்கள்.

நன்கொடையாளரின் உறுதிக் கடிதத்தையும் கூர்ந்து படியுங்கள். “பொதுவான ஆதரவு” என்று வந்த முதல் கடிதம் பயன்படவில்லை; தொகையும் நோக்கமும் தெளிவாக இருக்க வேண்டும் என்று கேட்டு வேறு கடிதம் வாங்கினோம். பணமாக அல்லாமல் இயந்திரமாக அனுப்பினால் சட்டம் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், பொருளும் வெளிநாட்டு நன்கொடைதான்.

நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால், தையல் ஆசிரியையின் சம்பளத்தை அதில் சேர்த்துப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் எங்கள் தணிக்கையாளர். பயிற்சியையே முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பில் பயிற்றுநர் ஊதியம் நிர்வாகச் செலவாகாது என்று இந்தச் சட்டத்துக்கான விதிகளில் 5ஆம் விதி சொல்கிறது. அதை அச்செடுத்து அவர் மேசையில் வைத்த பிறகு, சம்பளம் முழுதாக நின்றது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, குச்சிகளை வேகவைத்துத் தோலுரிப்பதை வெகுநேரம் பார்த்துவிட்டு வருகைப் பதிவேட்டைக் கேட்டார். அதை அன்றாடம் எழுதி வைத்திருந்தது கைகொடுத்தது. அனுமதியும் வந்தது, பணமும் வந்தது. இனி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் எஃப்.சி-4 கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். இடையில் ஓராண்டு ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும், வரவில்லை என்றே தாக்கல் செய்தாக வேண்டும்.