நெட் லைஃப் சயின்ஸ்: எம்ஆர்என்ஏ சிதைவை நான் படித்த விதம்

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வின் லைஃப் சயின்ஸ் பாடத்திட்டத்தில் ஜீன் வெளிப்பாடு மூன்றாவது யூனிட்டில் வருகிறது, நோயெதிர்ப்பு நான்காவதில். நோயெதிர்ப்பு செல்களில் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்காக ஜீனிலிருந்து எடுக்கப்படும் நகல்) சிதைவு இந்த இரண்டுக்கும் நடுவில் விழுவதால் நிறைய பேர் தொடாமலே போய்விடுகிறார்கள். பகுதி சி-யில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண், தப்பானால் அதில் கால் பங்கு போகும். கிராஃப் கொடுத்து யோசிக்க வைக்கும் கேள்விகளுக்கு இது அருமையான இடம், அதனால் தயவுசெய்து விடாதீர்கள்.

புரதப் பெயர்களில் தொடங்க வேண்டாம், முதலில் கணக்கு. செல்லில் ஒரு எம்ஆர்என்ஏ எவ்வளவு இருக்கும் என்பது அது உருவாகும் வேகத்தையும் சிதையும் வேகத்தையும் பொறுத்தது. அரை ஆயுள் 30 நிமிடம் என்றால், டிரான்ஸ்கிரிப்ஷனை, அதாவது ஜீனிலிருந்து ஆர்என்ஏ உருவாவதை, நிறுத்திய 2 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அரை ஆயுள் 10 மணி நேரம் என்றால் அதே 2 மணி நேரத்துக்குப் பிறகும் சுமார் 87 சதவீதம் அப்படியே இருக்கும். பாக்டீரியாவைப் பார்த்ததும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல், டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைக் கொட்டவும் வேண்டும், வேலை முடிந்ததும் சட்டென்று நிறுத்தவும் வேண்டும், இல்லையென்றால் சொந்த உடம்பையே அது தாக்கும். ஜீனை மட்டும் அணைத்தால் போதாது, ஏற்கெனவே உருவான எம்ஆர்என்ஏ-வும் போயாக வேண்டும். இது மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வந்து சேரும்.

அப்புறம் சோதனைகளைப் படியுங்கள். 1986-இல் ஷா, காமென் இருவரும் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற நோயெதிர்ப்புச் சைகைப் புரதத்தின் ஜீனில் கடைசிப் பகுதியிலிருந்து ஏ, டி நிறைந்த 51 எழுத்துகளை எடுத்து, முயலின் பீட்டா குளோபின் ஜீனில் அதே கடைசிப் பகுதியில் வைத்தார்கள். நிலையாக இருந்த குளோபின் எம்ஆர்என்ஏ வேகமாகச் சிதைய ஆரம்பித்தது. சிதைவுக்கான உத்தரவு வரிசையிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. ஆர்என்ஏ-வில் டி-க்குப் பதில் யூ வரும், ஆகவே ஏயூயூயூஏ என்று திரும்பத் திரும்ப வரும் அந்த வரிசையைத்தான் டிரிஸ்டெட்ராப்ரோலின் என்ற புரதம், அதாவது டிடிபி, பிடித்துக்கொண்டு சிசிஆர்4-நாட் என்ற நொதித் தொகுதியை அழைக்கிறது. அது எம்ஆர்என்ஏ-வின் கடைசியில் ஏ எழுத்துகளாலான பாலி ஏ வாலை வெட்டிய பிறகு எம்ஆர்என்ஏ இரண்டு முனையிலிருந்தும் தின்னப்படும். டிடிபி இல்லாத எலிகளை 1996-இல் விவரித்தார்கள்: உடல் மெலிவு, மூட்டு அழற்சி, தோல் அழற்சி. டிஎன்எஃப்-க்கு எதிரான ஆன்டிபாடி கொடுத்தபோது பெரும்பாலும் அந்தத் தொல்லைகள் வரவில்லை. அழற்சிச் சைகையைக் கடத்தும் பி38 பாதை எம்கே2 என்ற நொதி வழியாக டிடிபி-க்குப் பாஸ்பேட் சேர்த்து அதை முடக்குகிறது, ஆகவே பி38 தடுப்பானைப் போட்டால் டிஎன்எஃப் எம்ஆர்என்ஏ வேகமாகக் கரையும். சரி, அதே தடுப்பானை டிடிபி இல்லாத செல்லில் போட்டால்? எம்ஆர்என்ஏ குறைவதைக் காட்டும் கோடு பெரிதாக நகராது. சாதாரண செல், டிடிபி இல்லாத செல், இரண்டிலும் தடுப்பானோடும் தடுப்பான் இல்லாமலும் என இந்த நான்கு கோடுகளையும் புத்தகம் பார்க்காமல் ஒரே கிராஃபில் வரைந்து பாருங்கள், வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எம்ஆர்என்ஏ-வைச் சிதைக்க உதவும் இன்னும் இரண்டு புரதங்கள், ரெக்னேஸ்-1, ரோக்வின். இரண்டுக்கும் ஒரு பக்கம் போதும். இரண்டும் எம்ஆர்என்ஏ தன்மேலேயே மடிந்து உருவாகும் தண்டு-வளைய வடிவத்தைப் பிடிக்கும். ரெக்னேஸ்-1 தானே வெட்டும், ரோக்வின் சிசிஆர்4-நாட்டை அழைக்கும். டி செல் தூண்டப்படும்போது மால்ட்1 என்ற நொதி ரெக்னேஸ்-1-ஐ வெட்டிவிடுவதால் அந்த எம்ஆர்என்ஏ-க்கள் மீதிருந்த தடை விலகுகிறது, அதை மட்டும் அடிக்கோடிட்டு வையுங்கள்.

பிஎச்டி நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. டிஎன்எஃப் எம்ஆர்என்ஏ கூடியது டிரான்ஸ்கிரிப்ஷனாலா, நிலைத்தன்மையாலா, எப்படிப் பிரிப்பாய் என்று கேட்டால் ஆக்டினோமைசின் டி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அது எல்லா டிரான்ஸ்கிரிப்ஷனையும் நிறுத்துவதால் டிடிபி போன்ற, தன் எம்ஆர்என்ஏ-வே குறுகிய ஆயுள் கொண்ட புரதங்களின் புதிய வரத்தும் நின்றுபோகும். இன்ட்ரான் (பின்னால் வெட்டி நீக்கப்படும் பகுதி) உள்ள முதிராத ஆர்என்ஏ-வைத் தனியாக அளப்பது, 4-தயோயூரிடின் கொண்டு புதிய ஆர்என்ஏ-வுக்கு அடையாளமிடுவது, இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.