சாதத்துக்குத் திரும்பி வந்த பிறகும் எடை ஏறாம பாத்துக்கிறது

லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைச்சு சாப்பிடுற டயட்டை, நிறுத்திட்டு மறுபடியும் சாதம், இட்லின்னு ஆரம்பிக்கிற முதல் வாரத்துலயே எடை ஒன்றரை, ரெண்டு கிலோ ஏறும். அனேகமா எல்லாருக்கும் ஏறும். அதைப் பாத்து பயந்து திரும்ப முட்டை பன்னீருக்கே ஓடுறவங்களும் இருக்காங்க, போனது போச்சுன்னு மொத்தமா விட்டுடுறவங்களும் இருக்காங்க, ரெண்டும் வேண்டாம்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். ஏறுனது பெரும்பாலும் தண்ணிங்க. சாப்பிடுற மாவுச்சத்துல ஒரு பங்கை உடம்பு கிளைக்கோஜனா மாத்தி ஈரல்லயும் தசையிலயும் சேத்து வைக்கும், மொத்தமா சுமார் 400, 500 கிராம் இருக்கும், அதுல ஒவ்வொரு கிராமுக்கும் கூடவே 3 கிராம் தண்ணி ஒட்டிக்கும். டயட் ஆரம்பிச்ச புதுசுல மளமளன்னு இறங்குச்சே, அதுல பெரும்பங்கு இந்தத் தண்ணி தான், இப்ப திரும்பி வருது. ரெண்டு மூணு வாரம் பதறாம இருந்தா ஒரு இடத்துல நிக்கும். அந்த நிக்கிற எடையைத்தான் இனிமே நம்ம எடைன்னு குறிச்சு வச்சுக்கணும், டயட்டோட கடைசி நாள்ல பாத்த எடைய இல்ல.

நான் மதுரைக்காரி. பேலியோங்கிற லோ கார்ப் டயட்ல இருந்து நல்லாவே குறைச்சேன், அதுக்கப்புறம் தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழான்னு எல்லாத்தையும் தாண்டி அந்த எடைய வச்சிருக்கேன். தமிழ்ல பேலியோன்னா நியாண்டர் செல்வன் ஆரம்பிச்ச ஆரோக்கியம் & நல்வாழ்வு ஃபேஸ்புக் குழு மூலமா தெரிஞ்சுக்கிட்டவங்க தான் அதிகம், காலைல நூறு பாதாம், மதியம் காலிஃப்ளவர் சாதம், ராத்திரி முட்டையோ பன்னீரோன்னு அந்த மெனு நிறைய வீட்டுக்கு மனப்பாடம். எடை குறைக்க அது எனக்கு ரொம்ப உதவுச்சு, அந்த நன்றி எப்பவும் உண்டு. ஆனா ஆயுசுக்கும் அப்படியே இருக்க எல்லாராலயும் முடியாது, முடியாதவங்களுக்கு அடுத்து என்னன்னு யாராச்சும் விளக்கமா சொல்லணும்.

என்னைக் கேட்டா எடை திரும்ப ஏறுறதுக்கு சாதம் மட்டும் காரணம் இல்ல. சாதம் திரும்பி வந்த பிறகும் பாதாமும் வெண்ணெயும் பன்னீரும் பழைய அளவுலயே தொடர்றது தான் பெரிய காரணம். நூறு பாதாம்னா கிட்டத்தட்ட 700 கலோரி. பேலியோல அது ஒரு வேளை சாப்பாடு, அதோட காலை முடிஞ்சுரும், பசியும் எடுக்காது. இப்ப என்ன நடக்குதுன்னா காலைல நாலு இட்லி சாம்பார், பதினோரு மணிக்கு "பாதாம் உடம்புக்கு நல்லது தானே"ன்னு ஒரு கைப்பிடி, மதியம் சாதத்துல தாராளமா நெய், சாயந்தரம் பட்டர் டீ. ஒவ்வொண்ணும் தனித்தனியா பாத்தா நல்ல சாப்பாடு தான். மாவுச்சத்தைக் குறைச்சிருந்தப்போ அந்தக் கொழுப்புல இருந்து தான் உடம்புக்கு சக்தி வந்துச்சு, மாவுச்சத்து திரும்ப வந்ததும் கொழுப்பு அதுக்கு இடம் விட்டு ஒதுங்கணும். சாதம் உள்ள வந்தா நெய் ஒரு டீஸ்பூனுக்கு இறங்கணும், பாதாம் பத்து பதினஞ்சுக்கு இறங்கணும். இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

மீதிப் பாதி அளவு. அரிசியைத் தொடவே கூடாதுங்கிறது ஒரு விதத்துல சுலபம், யோசிக்கவே வேண்டாம்ல. எவ்வளவு தொடலாம்ங்கிறதுல தான் எல்லாரும் தடுமாறுறாங்க. வெந்த சாதம் 100 கிராம்ல மாவுச்சத்து சுமாரா 28 கிராம் இருக்கும். எங்க வீட்டு சாதக் கரண்டில ஒரு கரண்டி எத்தனை கிராம் வருதுன்னு கிச்சன் தராசுல ஒரு தடவை வச்சுப் பாத்துக்கிட்டேன், அதுக்கப்புறம் தராசே தேவைப்படல, கரண்டி கணக்கு போதும். நீங்களும் உங்க வீட்டுக் கரண்டிய நிறுத்துப் பாருங்க, வீட்டுக்கு வீடு கரண்டி மாறும். இட்லி சைஸப் பொறுத்து ஒண்ணுக்கு 10 கிராம் பக்கம் வச்சுக்கலாம், தோசை ஊத்துற கையைப் பொறுத்தது, எங்க அத்தை ஊத்துற தோசை ஒண்ணு என் தோசை ரெண்டுக்குச் சமம்.

தட்டுல நான் மாத்துனது ஒண்ணே ஒண்ணு தான், பொரியல் இருந்த இடத்துக்கு சாதம், சாதம் இருந்த இடத்துக்கு பொரியல். அதாவது வெண்டைக்காயோ அவரைக்காயோ கீரையோ கோஸோ ரெண்டு பெரிய கரண்டி, கூட மீனோ முட்டையோ சுண்டலோ, ஓரமா சாதம். காயையும் முட்டையையும் முதல்ல சாப்பிட்டு சாதத்தைக் கடைசில சாப்பிட்டா சாப்பாட்டுக்கு அப்புறம் சர்க்கரை ஏறுற வேகமும் குறையும், ஆய்வுகள்லயும் பாத்திருக்காங்க. குழம்பு ஊத்திப் பிசைஞ்சு சாப்பிடுற கைக்கு ஆரம்பத்துல இது சரிப்பட்டே வராது, பழகிரும்.

திரும்பிக் கொண்டு வந்த வரிசையும் முக்கியம். முதல்ல சுண்டல், பாசிப்பயறு, தட்டப்பயறு. அடுத்து டயட்லயே சாப்பிட்டுட்டு இருந்த கொய்யாவத் தாண்டி மத்த பழங்கள். அப்புறம் தான் மதியம் மட்டும் கொஞ்சம் சாதம். ராத்திரி இன்னமும் பெரும்பாலும் லோ கார்ப் தான் எனக்கு, ஆம்லெட், இல்ல காய் போட்ட சூப், இல்ல மீன் வறுவல் தவால. மூணு வேளையும் அரிசிங்கிறதுக்கு மட்டும் திரும்பல, திரும்பவும் மாட்டேன். இட்லி தோசை பொங்கல் உப்புமா இடியாப்பம்னு பேரு தான் மாறுது, நம்ம ஊர்ல காலையும் மாவு, மதியமும் மாவு, ராத்திரியும் மாவு.

சிறுதானியம் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. தினை சாமை வரகு எல்லாம் நல்லது தான், நார்ச்சத்து அரிசியை விட அதிகம். ஆனா சமைக்காத நிலையில 100 கிராமுக்கு சுமார் 65 கிராம் மாவுச்சத்து அதுலயும் இருக்கு, பச்சரிசில 78 பக்கம் இருக்கும். அளவில்லாம சாப்பிடலாம்னு நினைச்சு தினைப் பொங்கல ரெண்டு தட்டு சாப்பிட்டா எடை ஏறத்தான் செய்யும். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேனும் அப்படித்தான், வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா போட்டா உடம்பு ஏமாறாது. டீல இனிப்பை விட்டவங்க தயவு செஞ்சு திரும்ப ஆரம்பிக்காதீங்க, டயட்ல நாம சம்பாதிச்சதுலயே பெரிய சொத்து அந்த நாக்கு தான்.

பசி பத்தியும் சொல்லணும். எடை குறைச்சவங்களுக்கு முன்ன விட அதிகமா பசிக்கும், அது மனசு பலவீனம் இல்லவே இல்ல. மெல்போர்ன்ல செஞ்ச ஒரு ஆய்வு 2011ல வந்துச்சு, 10 வாரம் ரொம்பக் குறைஞ்ச கலோரில எடை இறக்குனவங்கள ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தப்பவும் பசியத் தூண்டுற கிரெலின் மாதிரி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவே இல்ல. அமெரிக்காவுல டிவி போட்டில எடை குறைச்ச 14 பேர ஆறு வருஷம் கழிச்சு கெவின் ஹால்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு பாத்து 2016ல எழுதுனாங்க, சும்மா இருக்கும்போது அவங்க உடம்பு எரிக்கிற சக்தி எதிர்பாத்ததை விட தினமும் சராசரியா 500 கலோரி கிட்ட கம்மி. இதெல்லாம் படிச்சா சோர்வா இருக்கும், எனக்கு மாறா நிம்மதியா இருந்துச்சு. "உனக்கு வாயக் கட்டத் தெரியல"ன்னு சொல்றவங்களுக்கு முன்னாடி கூனிக் குறுகி நிக்கத் தேவையில்லன்னு புரிஞ்சுது.

அப்படியும் வச்சிருக்கிறவங்க என்ன தான் செய்றாங்க? 1994ல ரீனா விங், ஜேம்ஸ் ஹில்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்களும் அமெரிக்காவுல ஒரு பதிவேடு ஆரம்பிச்சாங்க, குறைஞ்சது 13.6 கிலோ குறைச்சு ஒரு வருஷமாவது அதை வச்சிருந்தவங்க மட்டும் அதுல சேரலாம். அதுல முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு தடவையாவது எடை பாக்குறாங்க, பத்துல ஒன்பது பேர் தினமும் சராசரியா ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறாங்க, பெரும்பாலும் நடை. இதுல கவனிக்க வேண்டியது, அவங்கள்ல அதிகம் பேர் கொழுப்பைக் குறைச்சு எடை இறக்குனவங்க, நம்மள மாதிரி மாவுச்சத்தைக் குறைச்சு இல்ல. அதனால எந்த வழில இறங்குனோம்ங்கிற சண்டை எனக்கு இப்ப முக்கியமாப் படல, இறங்குன பிறகு தினமும் என்ன செய்றோம்ங்கிறது தான். நான் ஞாயித்துக்கிழமை காலைல எடை பாக்குறேன், இடுப்பு அளவு டேப்ல பாக்குறேன். இடுப்பு பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆம்பளைங்களுக்கு 90க்குள்ள இருக்கணும்னு நம்ம நாட்டுக்கு சொல்ற கணக்கு. குறிச்ச எடைய விட ரெண்டு கிலோ கூடி ரெண்டு வாரமா இறங்கலன்னா மதிய சாதத்தை நிறுத்திடுவேன், பழைய இடத்துக்கு வந்ததும் திரும்ப சேப்பேன். பத்து கிலோ ஏறுன பிறகு இறக்குறதுக்கு ரெண்டு கிலோவுலயே பிடிக்கிறது எவ்வளவோ மேல்.

சாயந்தரம் தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்குறேன், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், அந்த நேரத்துல பாதி மதுரை அங்க தான் நடக்கும், சுத்தி பஜ்ஜி சுண்டல் கடை இருக்கும், சுண்டல் எனக்கு ஓகே. ஆனா நடை மட்டும் போதாதுன்னு நான் உறுதியா நம்புறேன். எடை வேகமா குறையும்போது கொழுப்போட சேந்து தசையும் போகும், நாப்பது தாண்டுன பொம்பளைங்களுக்கு அது சும்மா விடுற விஷயம் இல்ல. நாற்காலில கை வைக்காம உக்காந்து எந்திரிக்கிறது, சுவத்துல கை ஊணி தள்ளுறது, தண்ணி பாட்டில தூக்குறது, இதுக்கு ஜிம் வேண்டாம். கூடவே புரதம். அசைவம் சாப்பிடுற நாள்ல கவலை இல்ல, புரட்டாசிலயும் வெள்ளிக்கிழமையிலயும் தான் யோசிக்கணும், பருப்புல புரதம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டே இருப்போம், அதுல புரதத்தை விட மாவுச்சத்து அதிகம். சோயா, பன்னீர், தயிர், வறுத்த கடலை ஒரு சின்னக் கை, இப்படி ஓட்டுறேன்.

விசேஷ வீடு தான் இருக்கறதுலயே கஷ்டம். மெலிஞ்சா நம்ம ஊர்ல முதல் கேள்வி "சுகர் வந்துருச்சா?", ரெண்டாவது "ஏன் இப்படி கன்னம் ஒட்டிப் போச்சு", அந்தக் கேள்வியோடயே இலைல ரெண்டாவது ஜாங்கிரி விழும். நான் ஒண்ணு சாப்பிடுறேன், ரசிச்சு சாப்பிடுறேன். கல்யாணச் சாப்பாடுன்னா அந்த ஒரு வேளை தான், அடுத்த வேளை ராத்திரி வழக்கம் போல ஆம்லெட். மறுநாள் பட்டினி கிடக்குறது, தண்டனை மாதிரி ரெண்டு மடங்கு நடக்குறது எதுவும் கிடையாது, அப்படி ஆரம்பிச்சா சாப்பாடே பகையாயிரும். பரோட்டாவும் உண்டு, எப்பவாச்சும், கூட ஆம்லெட்டோ சுக்காவோ வச்சு ஒண்ணு.

சாதம் சேத்தா பேலியோ துரோகம்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு, ஐசிஎம்ஆர் இண்டியாப்ங்கிற, இந்தியா முழுக்க சுகர் பத்தி நடந்த பெரிய ஆய்வை வச்சு சென்னை சுகர் டாக்டர் மோகன் குழுவோட டாக்டர் அஞ்சனா எல்லாம் 2022ல ஒரு கணக்கு போட்டாங்க. இந்தியர்கள் சாப்பிடுறதுல 60ல இருந்து 75 சதவீதம் சக்தி மாவுச்சத்துல இருந்தே வருது, புதுசா சுகர் வந்தவங்க அதை 49, 54 பக்கம் இறக்கி புரதத்தை 20 கிட்ட ஏத்துனா சுகர் கட்டுக்குள்ள திரும்ப வாய்ப்பு இருக்குன்னு அந்தக் கணக்கு சொல்லுது. பூஜ்யம் ஆக்கச் சொல்லல. நடுவுல ஒரு இடம் இருக்கு, அங்க தான் நான் இருக்கேன்.

கடைசியா ரெண்டு. முடி கொட்டுதுன்னு நிறைய பொண்ணுங்க மெசேஜ் பண்றாங்க, வேகமா எடை குறைஞ்சா ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொட்டுறது உண்டு, பெரும்பாலும் திரும்ப வளரும், ஆனா தைராய்டும் ரத்தத்துல இரும்புச்சத்தும் ஒரு தடவை பாத்துருங்க. கொலஸ்ட்ராலும் பாருங்க, லோ கார்ப்ல சிலருக்கு கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் நல்லாவே ஏறும், ஏறியிருந்தா வெண்ணெயக் குறைச்சுட்டு டாக்டர்ட்ட காட்டணும். சுகருக்கோ பிபிக்கோ மாத்திரை எடுக்கிறவங்க சாதத்தைக் குறைச்சாலும் சரி, திரும்ப சேத்தாலும் சரி, அதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லுங்க, சாப்பாடு மாறுனா மாத்திரை அளவையும் அவர் மாத்த வேண்டி வரலாம், இன்சுலின் போடுறவங்க கண்டிப்பா.