நாற்பதுக்கு மேல் கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்த கதை

எங்கள் வீட்டில் நிற்பது ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் பைக், கியர் வண்டி. அதை ஓட்டத்தான் எனக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. விசாரித்த இடத்திலெல்லாம் "ஸ்கூட்டிக்குத்தானே மேடம்?" என்றே ஆரம்பித்தார்கள். விண்ணப்பத்தில் இரண்டும் தனித்தனி வகை: கியர் இல்லாதது, கியர் உள்ளது. முதல் வகையை மட்டும் வாங்கிவிட்டு பைக்கை எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதாகத்தான் கணக்கு. சட்டப்படி அபராதம் 5,000 ரூபாய். கியர் வகை கையில் இருந்தால் ஸ்கூட்டியும் ஓட்டிக்கொள்ளலாம். அதனால் விண்ணப்பத்தில் வகையைக் குறிக்கும்போதே கவனம் வேண்டும்.

விண்ணப்பமெல்லாம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி என்ற பகுதியில்தான். எல்.எல்.ஆருக்கு, அதாவது முதலில் எடுக்கும் பழகுநர் உரிமத்துக்கு, மத்திய அரசு விதிப்படி ஒரு வகைக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50. பிறகு வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 300, லைசென்ஸ் அட்டைக்கு 200. மாநில அரசின் சேவைக் கட்டணம் கொஞ்சம் சேரும். அலுவலக வாசலில் ஒரு புரோக்கர் கேட்ட தொகை இதைப்போல் பல மடங்கு. அவர் செய்து தருவது படிவம் நிரப்புவதும் தேதி போடுவதும்தான். தேர்வில் வண்டியை எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்டும் அந்த 'எட்டை' நாம்தான் போட வேண்டும்.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஒரு வேலை கூடுதல்: படிவம் 1ஏ, அதாவது மருத்துவச் சான்று. சும்மா கையெழுத்துப் போட்டுத் தருவார் என்று நினைத்துப் போனேன். எங்கள் டாக்டரம்மா ஜன்னலைத் திறந்து, எதிர் வரிசையில் நின்ற காரின் நம்பரைப் படிக்கச் சொன்னார். 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் தெரிய வேண்டும், கடுமையான நிறக்குருடு இருக்கக் கூடாது என்று படிவத்திலேயே இருக்கிறதாம். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். "அப்போ கண்ணாடி இல்லாம ஓட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார்.

எல்.எல்.ஆர். தேர்வை அலுவலகத்துக்கே போய்க் கம்ப்யூட்டரில் எழுதினேன். தமிழிலேயே எழுதலாம். அறுபது விழுக்காடு சரியாக இருந்தால் போதும். முக்கோணப் பலகை எச்சரிக்கை, வட்டப் பலகை கட்டளை, தலைகீழ் முக்கோணம் வழிவிடச் சொல்வது. இவை மனத்தில் இருந்தால் படக் கேள்விகள் பயமில்லை. வெள்ளைக் கோலோடு ஒருவர் சாலையைக் கடந்தால், அந்தக் கோலையே நிறுத்தச் சொல்லும் சைகையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகுதான் அடுத்த தேர்வுக்குத் தேதி போட முடியும். நான் 31-ஆம் நாளே போய் நிற்கவில்லை. அண்ணன் மகன்தான் வாத்தியார். முன்னும் பின்னும் சிவப்பு எல் ஒட்டி, அவன் பின்னால் உட்கார்ந்து வருவான். எல்.எல்.ஆரில் ஓட்டும்போது கற்றுக்கொடுக்கிறவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது; அவருக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும். "அத்தை, கிளட்சைப் படக்குனு விடாதீங்க, வெண்ணெய் உருகுற மாதிரி விடுங்க" என்பான். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. கைக்கு வர நாளானது.

எட்டு போடுவதில் சூட்சுமம் எல்லாம் மெதுவாகப் போவதில்தான். வேகமாகப் போனால் எந்த வண்டியும் சாயாமல் போகும். நடக்கிற வேகத்தில் வளையும்போதுதான் தெரியும் சங்கதி. முதல் கியர், பாதி கிளட்ச், வலது காலால் பின் பிரேக்கை லேசாக மிதித்தபடியே போக வேண்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். கண், வண்டியின் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, அடுத்து எங்கே திரும்பப் போகிறோமோ அங்கே போய்விட வேண்டும். யாரும் சொல்லித்தராத இன்னொன்று, கைச் சைகை. சைகை காட்டுவது வலது கையால், ஆக்சிலேட்டர் இருப்பதும் அதே கையில். கையை எடுத்த நொடியில் வண்டி தளரும். அதற்குள் கிளட்சைப் பிடித்து வண்டியை உருள விட்டு, ஒரே கையில் நேராகக் கொண்டுபோகப் பழக வேண்டும். எனக்கு எட்டைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது.

தேர்வன்று வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். எங்கள் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர், பட்டியலைப் பார்த்து "கியர் வண்டியாம்மா?" என்று நிமிர்ந்தார். எனக்கு முன்னால் புல்லட்டில் வந்த தம்பி இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டான். கால் ஊன்றினால் ஃபெயில். ஒரு வாரம் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். நான் போட்டு முடித்ததும் "சரி, சைகை காட்டுங்க" என்றார். வலது, இடது, நிறுத்தம். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இங்கேதான் எனக்கு ஒரு குறை. மைதானத்தில் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் வராது. இரவில் எதிரே ஹை பீம் போட்டுக்கொண்டு லாரி வராது. மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்லவும் இல்லை. பாலத்து ஏற்றத்தில் சிக்னலுக்கு நின்று, வண்டி பின்னால் உருளாமல் கிளப்பும் வித்தையை அண்ணன் மகன் தனியாகப் பழக்கியதால் தப்பித்தேன். எல்.எல்.ஆர். இருக்கும் காலத்திலேயே காலை நெரிசலிலும் மழையிலும், கூட ஒருவரை வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

அட்டை தபாலில்தான் வருகிறது. வீட்டு முகவரி மாறியிருந்தால் முன்பே திருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். அட்டை வரும்வரை, ஆவணங்களை போனில் வைத்துக்கொள்ளும் அரசுச் செயலியான டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டலாம், அதுவும் செல்லும். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் எடுப்பவர்களுக்குப் பத்து வருடம் செல்லுபடி; அதற்குப் பிறகு புதுப்பிக்க மறுபடியும் மருத்துவச் சான்று வேண்டும்.