வோல்ட்டும் அம்பியரும்: வெள்ளவத்தை மொட்டைமாடியில் ஒரு சோலர் பனல்

2022இல் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் வந்த ஆசை, இப்போதுதான் கைகூடியிருக்கிறது. ஒரு 100 வாட் பனல், 12 வோல்ட் பற்றரி, இரண்டுக்கும் நடுவில் நின்று சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்த, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய சார்ஜ் கன்ட்ரோலர். அவ்வளவுதான் சாமான்.

பனலின் பின்பக்க ஸ்டிக்கரில் நாலு எண்கள். எதையும் இணைக்காதபோது 22 வோல்ட். இரு முனைகளையும் நேரே சேர்த்தால் 6 அம்பியர். முழு வீச்சில் 18 வோல்ட், 5.5 அம்பியர். கடைசி இரண்டையும் பெருக்கினால் 99. அதுதான் அந்த 100 வாட்.

மத்தியான வெயிலில் மல்டிமீட்டரோடு ஏறினேன். வெறும் பனல் 20க்குச் சற்றுக் கீழே காட்டியது. கண்ணாடியில் கை வைக்க முடியாத சூடு. ஸ்டிக்கர் கணக்கு 25 பாகையில் போட்டது. சூடு ஏற ஏற வோல்ட் இறங்கும். அப்புறம் மீட்டரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, பனலின் முனைகளை மீட்டர் வழியாகச் சேர்த்தேன். (பனல் இதைத் தாங்கும். பற்றரியில் செய்துவிடாதீர்கள்! கழற்றும்போது பனலைத் துணியால் மூடினால் பொறி பறக்காது.) 5க்கு மேல் நின்றது, கடல் பக்கமிருந்து மேகம் ஒன்று வந்ததும் 1க்குக் கீழே சரிந்தது. மீட்டரைப் பழையபடி வோல்ட்டுக்கு மாற்றிப் பார்த்தால், அது பெரிதாக அசையவில்லை. வெளிச்சம் ஆட்டுவது அம்பியரை, சூடு ஆட்டுவது வோல்ட்டை.

பற்றரியை இணைத்தால் வேறு கதை. என்னுடையது மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலர். பனலைப் பற்றரியின் வோல்ட்டுக்கே, அதாவது சார்ஜ் ஏறும்போது இருக்கும் 13க்கே, இழுத்து வைக்கும். 13ஐ 5ஆல் பெருக்கினால் 65 வாட். எம்பிபிடி வகை கன்ட்ரோலர் பனலை அதன் முழு வீச்சு வோல்ட்டிலேயே ஓடவிட்டு இன்னும் கொஞ்சம் கறந்து தரும், விலையும் கூட. ஒற்றைப் பனலுக்கு அது வீண் செலவு என்பேன்.

பற்றரி 40 அம்பியர் மணி. 12ஆல் பெருக்க 480 வாட் மணி, அரை யூனிட்கூட இல்லை. ஈய அமில வகை என்பதால் பாதிக்கு மேல் இறக்குவது நல்லதல்ல. மிஞ்சுவது 240. 12 வாட் ரவுட்டரும் 9 வாட் எல்ஈடி பல்பும் பதினொரு மணித்தியாலம் எரியும்.

உடுப்புக் காயப்போட வந்த மேல் வீட்டு அன்ரி, "தம்பி, இதில ரைஸ் குக்கர் போடலாமோ?" என்றார். 700 வாட்டை 12ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 60 அம்பியர். என் பியூஸ் 10. "பியூஸ் போயிடும் அன்ரி" என்றேன்.

அடுத்துச் சேர்க்கப்போவது 12 வோல்ட் மேசை விசிறி. 15 வாட், அதாவது 1.25 அம்பியர். இருக்கிற வயரே போதும்.