11 படத்தில் ஒரு விடியல்

நேற்று இரவுதான் மலையிலிருந்து திரும்பினேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு முழுக்க இரண்டாம் நாள் விடியற்காலையிலேயே நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உச்சியில் மேகம் எங்கள் காலுக்குக் கீழே கிடந்தது. சூரியன் வர ஐந்து நிமிடம்கூட இல்லை. டிஜிட்டல் கேமராவை ஆன் செய்தால், பேட்டரி சிவப்பாக ஒருமுறை மின்னிவிட்டு அணைந்தது. இரவு முழுசாக சார்ஜ் ஏற்றிய பேட்டரி! லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. பையின் வெளி அறையில் வைத்தது என் தவறு. உடம்போடு ஒட்டி வைத்துச் சூடேற்றினால் கொஞ்சம் உயிர் வரும்தான், ஆனால் அதற்கு நேரம் எங்கே இருந்தது?

கழுத்தில் நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா தொங்கியது. 1982-இல் வந்த மாடல். அதற்கு பேட்டரி தேவைப்படுவது வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும் ஓடுவது, 1/4000 நொடி வரை. உள்ளே ஐஎஸ்ஓ 400 (ஐஎஸ்ஓ என்பது ஒளியுணர்வின் அளவு) கறுப்பு வெள்ளை ரோல், மிச்சம் 11 படம். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால்தான் நிழலில் ஒன்றுமே இருக்காது. அதனால் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், தாராளமாகவே வைத்தேன். ஒரு படம் எடுத்து, லீவரைத் தள்ளி, அப்புறம் சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன். மேகத்தின் விளிம்பில் வெளிச்சம் ஊர்ந்து ஏறியது. முதல் நாள் இதே இடத்தில் டிஜிட்டலில் 300 படம் எடுத்தேன். அன்று மேகம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இறங்கும்போது ஜீப் டிரைவர் எல்லாவற்றையும் கெடுத்தார். ஏறும்போது பேசிய தொகை, கேமரா பைகளைப் பார்த்ததும் இரட்டிப்பாகிவிட்டது. "இவ்ளோ பெரிய கேமரா வெச்சிருக்கீங்க, இதுக்குப் போய் யோசிக்கிறீங்களே" என்றார். அவர் கூடுதலாக வாங்கிய பணத்தில் இரண்டு ரோல் வந்திருக்கும். ரோல் வாங்க, டெவலப் செய்ய, ஸ்கேன் எடுக்க என்று ஒரே ரோலுக்கு மூன்று முறை செலவு. அதற்காகத்தான் இருந்ததிலேயே மலிவான அறையில் தங்கினேன். அந்தப் பணம் இவர் பைக்குப் போனதில் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஏறும் முன்பே, திரும்பி வருவதற்கும் சேர்த்துத்தானே என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரி காலைவாரியதற்காக டிஜிட்டலைக் குறைசொல்ல மாட்டேன். டிஜிட்டல் படத்தில் உயிர் இல்லை என்பவர்களோடு எனக்கு ஒத்தே போகாது. கடைசி நாள் மாலை, இருட்டுகிற நேரத்தில், பட்டமரத்தில் ஓர் ஆந்தை. ஐஎஸ்ஓ 6400-க்கு ஏற்றியபோதுதான் 1/250 நொடி கிடைத்தது. கையிலிருந்த ரோலில் அதே வெளிச்சத்துக்கு 1/15 நொடி ஆகும். அது தலையைத் திருப்பிய கணம் வெறும் கலங்கலாகியிருக்கும். டிஜிட்டலில் ஒவ்வோர் இறகும் தெரிகிறது.

இரண்டுக்கும் சேர்த்து நான்கு லென்ஸ் தூக்கிப் போனதுதான் தப்பு. திரும்பும் பேருந்தில் மேலே வைக்க இடமில்லை, சாய்க்க முடியாத இருக்கை, இரவெல்லாம் மடியில் அந்தப் பாரம். அடுத்த முறை டிஜிட்டலோடு தூரத்து லென்ஸ் ஒன்று, ஃபிலிமுக்கு 50 மிமீ ஒன்று, அவ்வளவுதான்.

விமானத்தில் போகிறவர்கள் ரோல்களைத் தனியாக எடுத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். விமான நிலையங்களில் பைகளைச் சோதிக்கும் புதிய சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனர் ஒரே முறையிலேயே ஃபிலிமை மூட்டமாக்கிவிடலாம்.

ரோல் இப்போது மேசையில் இருக்கிறது. இன்னொன்றும் முடிந்த பிறகு சேர்த்து அனுப்பினால் தபால் செலவு மிச்சம். ஆனால் அந்த 11 படத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. நாளை காலையிலேயே அனுப்பப் போகிறேன்.